பால்மரத் தோட்டம் காடாகுமா?

ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே உள்ள பூங்காவில் ஒரு மரம் நிற்கிறது. பயணிகள் பலரும் அதைக் கவனிக்காமலே கடந்து செல்கின்றனர். அதுதான் ஈப்போ மரம். நகரத்திற்குத் தன் பெயரையே கொடுத்த மரம். அதன் பட்டையைக் கீறினால் பால் வடியும். ஆனால், அந்தப் பால் நஞ்சு. பூர்வக்குடி மக்கள் அதைக் காய்ச்சி, ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடினர். கிந்தா பள்ளத்தாக்கு அடர்ந்த காடாக இருந்த காலத்தை அந்த மரம் இன்று நமக்கு நினைவூட்டுகிறது.

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாருக்குச் சென்றால், மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்னொரு முதிய மரத்தைக் காணலாம். அதுவும் பால் தரும் மரம்தான். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட இரப்பர் மரம் அது. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சி நிற்கும் ஒன்றாக அம்மரம் பாதுகாக்கப்படுகிறது.

முதல் மரம் நம் மண்ணின் காட்டில் தானே வளர்ந்த இனம். இரண்டாவது, கப்பலேறி வந்து, காட்டை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்த இனம். பேராக் மாநிலத்தின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்விரண்டு மரங்களுக்கு இடையே எழுதிவிடலாம். அந்த வரலாற்றில் நம் முன்னோருக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே, காடுகளைக் காப்பது பற்றிய விவாதத்தில் நாம் பார்வையாளர்களாக மட்டும் இருக்க முடியாது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிமார் இரப்பர் தோட்டத்தைக் ‘கித்தாக் காடு’ என்றும் ‘பால்மரக் காடு’ என்றும் அழைத்தனர். விடியற்காலையில் பெரட்டு முடிந்து, உளியும் வாளியும் ஏந்தி இருட்டில் நுழைந்தவர்களுக்கு அது காடாகத்தான் தெரிந்திருக்கும். பாம்பும் அட்டையும் கொசுவும் அங்கே இருந்தன. பேச்சு வழக்கில் அச்சொல் தவறன்று. ஆனால், இன்று அதே சொல் அரசாங்கப் புள்ளிவிவரங்களிலும் உலகக் கணக்கெடுப்புகளிலும் புகுந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை நிறுவனம் காடுகளைக் கணக்கிடும்போது, இரப்பர் மரத் தோட்டங்களையும் காடு என்றே சேர்த்துக்கொள்கிறது. ஆனால், செம்பனைத் தோட்டத்தை அது சேர்ப்பதில்லை. இதனால், ‘பால்மரத் தோட்டம் காடாகுமா?’ என்பது வெறும் சொல் ஆராய்ச்சியாக இல்லாமல் நாட்டின் எதிர்காலத்தைத் தொடும் கேள்வியாகிவிட்டது. ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கான முதல் காரணத்தைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் அறிஞர்கள் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, அதிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அந்தச் சிறிய பரப்பில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அதே 50 ஹெக்டர் பரப்புள்ள இரப்பர் தோட்டத்தில் எத்தனை மர இனங்கள் இருக்கும்? ஒன்று. நிரை நிரையாக, ஒரே வயதில், ஒரே உயரத்தில், ஒரே காலத்தில் இலையுதிர்க்கும் ஒரே இனம். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் அவற்றை வெட்டிச் சாய்த்து, மறுநடவு செய்வார்கள். மழைக்காட்டில் அப்படி ஒரு நாள் வருவதில்லை. அங்கே ஒரு முதிய மரம் சாய்ந்தால், அது விட்டுச்சென்ற வெளிச்சத்தில் பத்துக் கன்றுகள் தலைநிமிரும். உயர்ந்த மரங்களின் கீழ் நடுத்தர மரங்கள், அவற்றின் கீழ் புதர்கள், தரையில் மட்கும் இலைகள் எனப் பல அடுக்குகளாகக் காடு தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

காட்டை அகற்றினால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர் தங்கள் உடலால் அறிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியபோது, மலாயாவின் மலைச்சரிவுகள் வேகமாக வெட்டித் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாக வந்த தொழிலாளர்கள் புதிய தோட்டங்களில் குடியேறினர். அங்கே மலேரியா காய்ச்சலால் அவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். சிலாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் மல்கம் வாட்சன் இதன் காரணத்தை ஆராய்ந்தார். மலைப்பகுதியில் மலேரியாவைப் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த நீரோடைகளில் முட்டையிடுவது. அடர்ந்த காட்டின் நிழலில் ஓடிய ஓடைகளில் அது பெருகவில்லை. மரங்களை வெட்டி ஓடைகளின்மீது வெயிலை விழச் செய்ததும் அது பெருகிற்று. காடு தந்த நிழல் என்பது வெறும் குளிர்ச்சி மட்டுமன்று, அதுவே ஒரு காவலாகவும் இருந்தது. அந்தக் காவலை அகற்றும்படி கட்டளையிட்டவர்கள் தொலைவில் இருந்தனர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் லயன் வீடுகளில் இருந்தனர்.

மண்ணும் இதையே சொன்னது. அக்காலத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் களையெடுப்பதே ஒழுங்கு எனக் கருதப்பட்டது. விளைவாக, மழை பெய்தபோதெல்லாம் மேல்மண் கரைந்து ஆறுகளில் சேர்ந்தது. பிறகுதான் நிலத்தை மூடும் கொடிகளை நடவும் சரிவுகளில் படிக்கட்டுபோல் நிலம் வெட்டவும் தோட்டக்காரர்கள் கற்றுக்கொண்டனர். காடு செலவில்லாமல் செய்துவந்த வேலையை மனிதன் பணம் கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

இன்று அந்த இரப்பர் தோட்டங்களுள் பலவற்றைக் காணோம். ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, பீடோர் வழியாகவும் பயணம் செய்பவர்கள், நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களையே காண்பார்கள். வேறு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டுமே பழைய தோட்டத்தின் அடையாளமாக நிற்கும் ஊர்கள் பல உண்டு.

இங்கேதான் ஒரு முரண்பாடு நம்மை உறுத்துகிறது. ஒரு பக்கம், ஏற்கெனவே காடழித்து உருவாக்கிய இரப்பர் நிலம் செம்பனைக்கும் கட்டடங்களுக்கும் போயிற்று. மறுபக்கம், இரப்பர் மரம் நடுவதற்காகவே இயற்கைக் காடுகள் மீண்டும் வெட்டப்பட்டன. மரச்சாமான் தொழிலுக்கு மரம் வேண்டும் என்பதற்காக, 2006ஆம் ஆண்டில் ‘காட்டுத் தோட்டம்’ அமைக்கும் திட்டத்திற்குக் கடனுதவி அளிக்கத் தொடங்கினார்கள். 15 ஆண்டுகளில் 375,000 ஹெக்டர் பரப்பில் தோட்டம் அமைப்பது அதன் இலக்கு. நடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மர இனங்களுள் முதன்மையானது, பாலும் மரமும் தரும் இரப்பர் வகையாகும். தீபகற்ப மலேசியாவில், நிரந்தர ஒதுக்கீட்டுக் காடு எனச் சட்டம் குறித்துவைத்த நிலத்திலேயே இத்தகைய தோட்டங்கள் பல அமைந்தன. இயற்கைக் காடு மொட்டையடிக்கப்பட்டது. ஆனால், ஏட்டில் அந்த நிலம் தொடர்ந்து ‘காடு’ என்றே இருந்தது. ‘காட்டுத் தோட்டம்’ என்ற பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தின் முன்னால் காடு என்ற சொல்லை ஒட்டிவிட்டால் புலி திரும்பி வந்துவிடுமா?

1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற புவி உச்சநிலை மாநாட்டில், நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாகவே வைத்திருப்போம் என மலேசியா உலகிற்கு வாக்களித்தது. இன்று ஏறத்தாழ 54 விழுக்காடு காடாக உள்ளதாக அரசாங்கக் கணக்குக் கூறுகிறது. இது பெருமைக்குரிய வாக்கு. ஆயினும், அந்த எண்ணுக்குள் எவ்வளவு பழைய மழைக்காடு, எவ்வளவு வெட்டி மறுபடி வளரும் காடு, எவ்வளவு நட்ட மரம் எனப் பிரித்துக் காட்டாவிட்டால், வாக்கு காப்பாற்றப்படும், காடு காப்பாற்றப்படாது. ஒரு பள்ளியில் 500 மாணவர்கள் இருப்பதாகக் கூறி, அவர்களுள் 200 பேரின் இடத்தில் பொம்மைகளை உட்காரவைத்தால், வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். ஆனால், வகுப்பு நடக்காது.

வகுப்பு நடக்கும் இடமும் பேராக்கில் இன்னும் இருக்கிறது. மாநிலத்தின் வடகோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டி, பெலும்–தெமெங்கோர் மழைக்காடு விரிந்துள்ளது. இக்காடு 130 மில்லியன் ஆண்டுகள் பழைமையானது எனக் கூறப்படுகிறது. மலேசியாவில் காணப்படும் பத்து இருவாட்சிப் பறவை இனங்களும் இங்கே வாழ்கின்றன. யானை, புலி, மலேசியத் தாப்பிர், உலகின் மிகப் பெரிய மலரான இரஃப்லேசியா ஆகியவற்றுக்கும் இதுவே புகலிடம். 2007ஆம் ஆண்டில் இதன் வடபகுதியான 117,500 ஹெக்டர் நிலம் அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இது சிங்கப்பூரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிய பரப்பு. இவ்வறிவிப்பு தானாக வரவில்லை. மலேசிய இயற்கைக் கழகம் மக்களிடையே பரப்புரை செய்து, காட்டைக் காக்கக் கோரும் பல்லாயிரம் அஞ்சலட்டைகளைத் திரட்டியது. சாதாரண மக்கள் கையெழுத்திட்ட அட்டைகள் ஒரு பெருங்காட்டைக் காப்பதற்குத் துணைநின்றன என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆனால், தென்பகுதியான தெமெங்கோரின் பெரும்பகுதி இன்றும் வெட்டுமரத்திற்காக ஒதுக்கப்பட்ட காடாகவே உள்ளது.

காடு துண்டு துண்டாவதன் துயரத்தை 2025ஆம் ஆண்டு மே மாதம் நாடே கண்டது. கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை இந்தக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அன்னையர் தினத்தன்று விடியற்காலை, அச்சாலையைக் கடந்த யானைக்கன்று ஒன்று லாரியில் அடிபட்டு, அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை அவ்விடத்தை விட்டு நகரவில்லை. லாரியின்மீது தலையை முட்டியபடி நெடுநேரம் நின்றது. அக்காட்சியைக் கண்டு கலங்காதவர் இல்லை. ஆனால், கலங்கியதோடு நம் கடமை முடிந்துவிடாது. அந்த யானை சாலைக்கு வரவில்லை. சாலைதான் யானையின் வழிக்கு வந்தது.

‘துண்டாடல்’ என்ற சொல் மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் தங்கள் தோட்டங்களை விற்றபோது, பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாகக் கைமாறின. வேலையும் வீடும் இழந்து பாட்டாளிகள் தவித்தனர். தோட்டத்தோடு சேர்ந்து ஒரு வாழ்க்கையே சிதறியது. அப்போது பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஒன்றாக இருந்தால்தான் வாழ்வு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். காட்டுக்கும் அதே நியதிதான். நடுவில் சாலையும் தோட்டமும் புகுந்து காடு துண்டுபட்டால், புலிக்கு இரை கிடைக்காது, துணையும் கிடைக்காது. 1950ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 மலாயாப் புலிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, எஞ்சியிருந்தவை 150க்கும் குறைவு. நம் நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் விலங்கின் நிலை இது.

காட்டைக் காப்பது விலங்குகளுக்காக மட்டுமன்று. ஈப்போ மக்கள் குடிக்கும் நீரைப் பாருங்கள். உலு கிந்தாவிலுள்ள சுல்தான் அஸ்லான் ஷா அணைக்கட்டில் தேங்கும் நீர், அதைச் சுற்றியுள்ள மலைக்காட்டிலிருந்து வருகிறது. காட்டின் மண் பஞ்சுபோல மழையை உறிஞ்சிவைத்து, வெயில் காலத்தில் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகிறது. காடு போனால், மழைநாளில் வெள்ளமும் வெயில்நாளில் பற்றாக்குறையும் மாறி மாறி வரும். நாட்டின் அரண்கள் எவை எனக் கூறவந்த திருவள்ளுவர், நீர், வெட்டவெளி, மலை ஆகியவற்றோடு நிழல் தரும் காட்டையும் சேர்த்தே எண்ணினார்.

பருவநிலை மாற்றத்திற்கும் காட்டிற்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. மரங்கள் காற்றிலுள்ள கரிவளியை உண்டு, அதிலுள்ள கரிமத்தைத் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் சேமிக்கின்றன. நூறு ஆண்டுகளாகச் சேமித்ததை ஒரு வாரத்தில் வெட்டி எரித்தால், அது மீண்டும் காற்றில் கலந்து புவியைச் சூடாக்குகிறது. 2024ஆம் ஆண்டு, அளவீடு தொடங்கிய நாள் முதல் இதுவரை காணாத வெப்பமான ஆண்டாகப் பதிவானது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிடப் புவியின் சராசரி வெப்பம் 1.5 பாகை செல்சியசைத் தாண்டிய முதல் ஆண்டும் அதுவே. நட்ட இரப்பர் மரமும் கரிவளியை உண்கிறதே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால், அது சேமிப்பது பெருங்காட்டின் சேமிப்பைவிட மிகக் குறைவு. மேலும், முப்பது ஆண்டுகளில் அம்மரம் வெட்டப்படும். சேமிப்புக் கணக்கை மூடிவிட்டு, அதே இடத்தில் ஓர் உண்டியலை வைப்பதை வளர்ச்சி என்று யாராவது சொல்வார்களா?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளன. மாநிலங்களுக்கு வருமான வழிகள் குறைவு. வெட்டுமரம் அவற்றுள் ஒன்று. ‘காட்டைக் காத்தால் எங்கள் மக்களுக்குச் சாலையும் பள்ளியும் கட்டப் பணம் யார் தருவார்?’ என மாநிலம் கேட்டால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இக்கேள்விக்கு விடையாகத்தான் 2019ஆம் ஆண்டில், காட்டைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கும் திட்டம் தொடங்கியது. முதலில் 60 மில்லியன் ரிங்கிட்டாக இருந்த அத்தொகை, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 250 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. நல்ல தொடக்கம். அத்தொகை மேலும் உயர வேண்டும். காடு வெட்டப்படும்போது மட்டும் பணம் தரும் என்ற நிலை மாறி, நிற்கும்போதும் பணம் தரும் என்ற நிலை வந்தால்தான் மாநிலங்கள் மனம் மாறும்.

காட்டிலேயே வாழும் மக்களின் குரலையும் நாம் கேட்க வேண்டும். தெமியார், ஜஹாய் ஆகிய பூர்வக்குடி மக்களுக்குப் பெலும்–தெமெங்கோர் காடே சந்தை, மருந்தகம், முன்னோரின் இடுகாடு. 2019ஆம் ஆண்டில் கிரிக் வட்டாரப் பூர்வக்குடியினர் வெட்டுமர நடவடிக்கைக்கு எதிராகத் தடுப்புகள் அமைத்துப் போராடினர். தங்கள் நிலம் தங்களைக் கேட்காமலே கைமாறுவதன் வலி என்ன என்பதை, தோட்டத் துண்டாடலைக் கண்ட சமூகம் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்?

இனி என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, காட்டையும் தோட்டத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இயற்கைக் காடு எவ்வளவு, நட்ட மரம் எவ்வளவு என்பது ஒவ்வோர் ஆண்டும் மக்களுக்குத் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, இரப்பரும் மரமும் நாட்டுக்குத் தேவை என்றால், அவற்றை ஏற்கெனவே காடழிந்த நிலத்தில் நடவேண்டும். வயதான தோட்டங்களும் கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலங்களும் சிறு தோட்டக்காரர்களின் தரிசு நிலங்களும் இருக்கையில், மழைக்காட்டை வெட்டி இரப்பர் நடுவது நெல் வயலில் களையை விதைப்பது போன்றது. நிரந்தர ஒதுக்கீட்டுக் காடுகளில் புதிய காட்டுத் தோட்டங்களுக்கு 15 ஆண்டு இடைக்காலத் தடை விதிக்க, 2021ஆம் ஆண்டு இறுதியில் தேசிய நில மன்றம் முடிவெடுத்தது வரவேற்கத்தக்கது. அத்தடை இடைக்காலத்தோடு நில்லாமல் நிலையான சட்டமாக வேண்டும். மூன்றாவதாக, தெமெங்கோர் காட்டுக்கும் பெலும் காட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு கிடைக்க வேண்டும். ஒரே காட்டின் ஒரு பாதியைப் பூட்டிவைத்து, மறுபாதியின் கதவைத் திறந்துவைப்பதில் பயனில்லை.

மாணவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். உங்கள் ஊர் எந்தத் தோட்டமாக இருந்தது, அதற்கு முன் எந்தக் காடாக இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நீங்கள் குடிக்கும் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். ‘இத்தனை விழுக்காடு காடு’ என்ற செய்தியைப் படிக்கும்போது, ‘எத்தகைய காடு?’ என்று கேட்கப் பழகுங்கள். பெலும் காட்டைக் காத்தது அஞ்சலட்டைகளில் கையெழுத்திட்டவர்களின் அந்தக் கேள்விதான்.

நம் முன்னோர் வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டை வெட்டினர். அவர்களுக்கு வேறு வழி தரப்படவில்லை. அவர்கள் வெட்டிய நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவும் இல்லை. அவர்கள் நட்ட பால்மரம் இந்நாட்டை வளர்த்தது. அதற்காக நாம் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஆனால், அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுதான் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஈப்போ நகரில் ஈப்போ மரத்தைக் காண ஒரு பூங்காவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நாளை மழைக்காட்டைக் காண ஒரு படத்தைத் திறக்க வேண்டிய நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.